பௌபஜார் ஆய்வுக்கூடமும் ஒரு செய்முறை விளக்குநரும்

தெலுக் இந்தான் நகரம் தெலுக் அன்சன் என்று வழங்கிய நாளில், அதாவது 1982-க்கு முன்னர், அதனைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றில் வளர்ந்தவன் நான். பள்ளி விடுமுறை நாட்களில் நண்பகல் வேளையில் பால் ஸ்டோருக்குச் சென்று நிற்பது எங்களுக்கு ஒரு வேடிக்கை. வாளிகள் வரிசையாக வந்து நிற்கும். கிராணியார் ஒவ்வொரு வாளியிலிருந்தும் சிறிது பாலை எடுத்து, அதனோடு இரு பங்கு நீர் கலந்து, உயரமான ஏனத்தில் ஊற்றி, கழுத்து நீண்ட உலோகக் கருவி ஒன்றை அதில் மிதக்கவிடுவார். கருவி ஆடி அடங்கியதும் குனிந்து, பால்மட்டம் கழுத்தில் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்ப்பார். அவ்வெண்ணை மூன்றால் பெருக்கிப் பெயரேட்டில் எழுதுவார். அந்த ஓர் எண்ணில்தான் என் தந்தையாரின் அன்றைய உழைப்பு அடங்கியிருந்தது. கோடு ஒன்று கூடவோ குறையவோ படிக்கப்பட்டால் கூலியும் அவ்வாறே கூடும், குறையும். ஆகவே வாளிக்குரியவரும் கூடவே குனிந்து பார்ப்பார். ஆயினும் படிப்பவர் கண்ணே கண்.

அக்கருவியை மெட்ரோலாக் என்றனர். அது நீர்மானியின் ஒரு வகை என்பதும், ரப்பர்த் துகள்கள் நீரைவிட இலேசானவை என்பதால் பாலில் ரப்பர் மிகுந்திருந்தால் அடர்த்தி குறைந்து கருவி ஆழமாக அமிழும் என்பதும், ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் பாடம் கேட்ட பிறகே எனக்கு விளங்கின. ஸ்டோரில் அடுத்து நிகழ்வதும் இத்தகையதே. பாலிலுள்ள துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை; ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பவை. பார்மிக் அமிலம் சேர்ந்ததும் அத்தள்ளுவிசை அடங்க, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் உறைகிறது. ஒரு பொருளின் இரசாயன இயல்பை எடை, அடர்த்தி, வெப்பம், மின்சாரம், ஒளி ஆகிய பௌதிக அளவுகளைக் கொண்டு அறியும் கலைக்குப் பௌதிக இரசாயனம் என்று பெயர். இக்கால நூல்கள் இயற்பு வேதியியல் என்னும். எம்மவர் பல்லாண்டுகள் அதன் வாசலில் வாளியுடன் நின்றிருந்தனர். அவ்வாசலைக் கடந்து உள்ளே சென்றவர்கள் எவ்வாறு சென்றனர், பட்டம் பெற்ற மாணாக்கனுக்கு அக்கலையின் உயர்நிலைச் செய்முறைப் பயிற்சி எங்ஙனம் கிட்டியது என்பதே இக்கட்டுரையின் பொருள். அதற்கு நமக்கு நெருக்கமான சான்றாக நான் கொள்வது, தமிழ்நாட்டிலிருந்து கல்கத்தா சென்ற ஒரு செய்முறை விளக்குநரின் வரலாறு.

முதலில் இப்பயிற்சியின் தோற்றத்தைச் சிறிது காண்போம். மாணாக்கர் நூலைப் படிப்பதோடு நில்லாமல் தம் கையாலேயே பகுப்பாய்வு செய்து பழக வேண்டும் என்னும் முறையை ஜெர்மனியின் கீஸன் நகரில் லீபிக் என்பார் 1824-ஆம் ஆண்டிற்குப் பின் வளர்த்தெடுத்தார். பௌதிக இரசாயனத்திற்கு அம்முறையைக் கொணர்ந்தவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு. 1887-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அவர், அவ்வாண்டிலேயே அத்துறைக்கென ஓர் இதழையும் தொடங்கினார். 1893-இல் அளவீட்டு முறைகளைப் பற்றிய ஒரு கைந்நூலை வெளியிட்டார். வெப்பநிலையை மாறாமல் காக்கும் தொட்டியை அமைப்பது, கரைசலின் மின்கடத்துதிறனை அளப்பது, கண்ணாடியை ஊதி வளைப்பது முதலிய கைத்தொழில்கள் அதில் இடம்பெற்றன. அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பட்டதாரிகள் லைப்சிக் சென்று கற்றுத் தத்தம் நாடுகளில் அம்முறையைப் பரப்பினர். 1906-இல் அலெக்சாண்டர் பிண்ட்லே ஆங்கிலத்தில் எழுதிய செய்முறை நூல் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட கல்லூரிகளுக்கும் வந்து சேர்ந்தது. அமிலம் கலந்த சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் அளவு நேரத்திற்கு நேரம் மாறுவதைக் குறித்து, வினையின் வேகத்தைக் கணிக்கும் சோதனை 1850-இல் வில்ஹெல்மி என்பவர் செய்தது. இன்றளவும் பட்டதாரி மாணாக்கர் அதனைச் செய்கின்றனர். பெக்மன் வெப்பமானியில் ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கைப் படித்துக் கரைசலின் உறைநிலைத் தாழ்வைக் காண்பதும் அத்தகைய பழஞ்சோதனையே. இவற்றின் விடைகள் யாவர்க்கும் முன்னரே தெரிந்தவை. விடையைக் கண்டுபிடிப்பது இங்கு நோக்கமன்று. கண்ணும் கையும் பொய் சொல்லாதிருக்கப் பழகுவதே நோக்கம்.

இந்தியாவின் நிலை வேறு. பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் தேர்வு நடத்தும் அலுவலகங்களாகவே இருந்தன. சென்னை மாநிலக் கல்லூரியில் 1907-இல் எம்.ஏ. தேறிய சி. வி. இராமனுக்கு ஆராய்ச்சி கற்பிக்க அங்கு எவருமில்லை. அவர் அரசாங்கக் கணக்குத் துறையில் அலுவலராகிக் கல்கத்தா சென்றார். அங்கே பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கக் கண்டு, அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் அங்குச் சென்று தாமாகவே சோதனைகள் செய்தார். 1911-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் மாணாக்கரைச் சேர்க்கத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் மாரிஸ் டிராவர்ஸ், இராம்சேயுடன் சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் ஆகிய வாயுக்களைக் கண்டறிந்தவர். வாயுக்களைக் கையாளும் நுட்பம் பற்றி நூல் எழுதியவர். 1914-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கென அறிவியல் கல்லூரியை நிறுவியது. 1917-இல் இராமன் அரசாங்கப் பணியைத் துறந்து அங்குப் பேராசிரியரானார். அவருடைய ஆராய்ச்சியோ பௌபஜார் கட்டடத்திலேயே தொடர்ந்தது. தென்னாட்டு இளைஞர் பலர் அங்கு வந்து சேர்ந்தனர்.

அவர்களுள் ஒருவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். இராமநாதபுர மாவட்டமாகப் பின்னாளில் விளங்கிய பகுதியின் வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தார். திருவில்லிபுத்தூரில் பள்ளிக்கல்வியும், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இடைநிலைக் கல்வியும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டப்படிப்பும் பெற்றார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்திற்குப் பெயரவில்லை; நகரின் நடுவே எஸ்பிளனேடு பகுதியில் இருந்தது. பட்டம் பெற்றபின் அவருக்குக் கிடைத்த வேலை அக்கல்லூரியின் இரசாயனப் பிரிவில் செய்முறை விளக்குநர் பதவி. டெமான்ஸ்ட்ரேட்டர் என்று அதனை அழைப்பர். பௌதிகம் படித்தவருக்கு இரசாயனக் கூடத்தில் வேலை!

ஆசிரியர்களாகிய நமக்கு இப்பதவியின் தன்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. விரிவுரையாளருக்குக் கீழே, உதவியாளருக்குச் சற்று மேலே அமைந்த இடம் அது. வகுப்பு தொடங்குமுன் கரைசல்களைக் கலந்து வைப்பதும், உடைந்த குழாய்களை மாற்றுவதும், மாணாக்கர் தவறாக வடித்ததை மீண்டும் வடித்துக் காட்டுவதும் அவர் பணி. பாராட்டு பேராசிரியருக்குச் செல்லும். பழி மட்டும் விளக்குநருக்கு வரும். ஆனால் ஒரு நீர்மம் தூயதா, தூயதுபோல் தோன்றுவதா என்னும் வேறுபாட்டை நாள்தோறும் தொட்டுப் பார்த்து அறிகின்றவர் அவரே. பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் வகுப்பது எப்படி என்று எனக்குப் பல மாதம் கற்பித்தனர். சாராய விளக்கைப் பாதுகாப்பாக அணைப்பது எப்படி என்பதை அக்கூடத்தின் உதவியாளர்தாம் கற்றுத் தந்தார். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த அறிவு எவர் கையில் இருக்கிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

கிருஷ்ணன் இப்பதவியில் இருந்தபோது செய்த ஒரு செயல் என் மனத்தை விட்டு அகலாதது. நண்பகல் உணவு இடைவேளையில் அவர் ஒரு கூட்டம் நடத்தினார். அதற்குப் பாடத்திட்டம் இல்லை, வருகைப் பதிவு இல்லை. பௌதிகமோ இரசாயனமோ கணிதமோ, எவர் எந்த ஐயத்தைக் கொணர்ந்தாலும் அதனைப் பற்றிப் பேசுவர். அக்கல்லூரி மாணாக்கர் மட்டுமின்றி அண்டைக் கல்லூரி மாணாக்கரும் வந்து கூடினர். விளக்குநரின் கடமைப் பட்டியலில் இத்தகைய பணி எங்குமே எழுதப்பட்டிருந்திருக்காது.

1920-இல் அவர் இராமனிடம் பயில விரும்பிக் கல்கத்தா சென்றார். அறிவியல் கல்லூரி வகுப்புகளைக் கேட்டார்; 1923-இல் பௌபஜார் கூடத்தில் ஆராய்ச்சியாளராக அமர்ந்தார். அவர் அங்கே செய்த வேலையை உணர, அக்கூடம் அப்போது எந்த வினாவில் ஆழ்ந்திருந்தது என்பதை அறிதல் வேண்டும். 1921-இல் இங்கிலாந்து சென்று திரும்பிய இராமன், கடலின் நீலம் வானத்தின் நிழலன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்வதால் உண்டாவது என்று காட்டினார். அதுமுதல் நீர்மங்களின் ஊடே ஒளியைச் செலுத்திப் பக்கவாட்டில் சிதறி வரும் மங்கிய ஒளியை ஆராய்வதே அக்கூடத்தின் தொழிலாயிற்று.

இவ்வாராய்ச்சியின் பெரும்பகை தூசு. நீர்மத்தில் ஒரு தூசு மிதந்தாலும் அது மூலக்கூறுகளைவிடப் பன்மடங்கு ஒளியைச் சிதறச் செய்து உண்மையை மறைத்துவிடும். வடிதாளில் வடித்தால் தாளின் நாரே தூசாகும். ஆதலின் அவர்கள் கையாண்ட முறை வேறு. இரண்டு கண்ணாடிக் குமிழ்களை ஒரு குழாயால் இணைத்து, ஒன்றில் நீர்மத்தை இட்டு, காற்றை அகற்றி, வாயை உருக்கி மூடுவர். நீர்மம் உள்ள குமிழைச் சிறிதே வெதுவெதுப்பாக்கி, மற்றதைக் குளிர்வித்தால், நீர்மம் கொதியாமலே ஆவியாகிச் சென்று குளிர்ந்த குமிழில் படியும். தூசு பழைய குமிழிலேயே தங்கும். பெறும் குமிழின் சுவரில் முன்னரே ஒட்டியிருந்த தூசைப் போக்க, படிந்த நீர்மத்தால் அதனை அலம்பி மீண்டும் பழைய குமிழுக்கே ஊற்றிவிட்டு மறுபடியும் வடிப்பர். இவ்வாறு பலமுறை. விரைவாகச் செய்தால் நீர்மம் பொங்கித் தூசையும் தூக்கிச் செல்லும். கிருஷ்ணன் இம்முறையால் அறுபதுக்கும் மேற்பட்ட நீர்மங்களைத் தூய்மை செய்து ஒவ்வொன்றின் ஒளிச்சிதறலையும் அளந்தார். பென்சீன், டொலுவீன், ஈதர், ஆல்ககால் என நீளும் அப்பட்டியல், ஓர் இரசாயனக் கூடத்து அலமாரியை அப்படியே எடுத்து வைத்தது போன்றது. சென்னையில் பிறர்க்காக வடித்துக் காட்டிய கை இங்கே தனக்காக வடித்தது.

இதற்கிடையில் 1923-இல் ஒரு புதிர் தோன்றியது. இராமனின் மாணாக்கர் கே. ஆர். இராமநாதன், பாலக்காட்டைச் சேர்ந்த கல்பாத்தியில் பிறந்தவர், நீரில் சிதறும் ஒளியில் எதிர்பாராத வேற்று நிறத்தின் சாயல் சிறிது கலந்திருப்பதைக் கண்டார். இவரும் திருவனந்தபுரத்தில் பௌதிகச் செய்முறை விளக்குநராகப் பல்லாண்டு பணியாற்றியவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. நீரில் ஏதோ அழுக்கு கலந்திருக்கிறது, அவ்வழுக்கே ஒளியை உண்டு வேறு நிறமாக உமிழ்கிறது என்பது இயல்பான விளக்கம். அழுக்கின் ஒளிர்வு என்றால் மேலும் மேலும் வடிக்க அது குறைந்து மறைய வேண்டும். வடித்தனர், மறையவில்லை. மீண்டும் வடித்தனர், அப்போதும் இருந்தது. கிருஷ்ணனும் தம் நீர்மங்கள் சிலவற்றில் அதே சாயலைக் கண்டார்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். வடிப்பதில் தேர்ச்சியற்ற ஒருவர் இதனைக் கண்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? தம் வடிப்பில் குறை இருக்கிறது என்று கருதி அங்கேயே விட்டிருப்பார். அவர் அவ்வாறு கருதியதும் நேர்மையே. தம் கை செய்த தூய்மையில் முழு நம்பிக்கை உடையவரே, குறை நீர்மத்தில் இல்லை, இது நீர்மத்தின் இயல்பே என்று சொல்லத் துணிவர். அந்நம்பிக்கையை எந்த நூலும் தர இயலாது. ஒரே வேலையைப் பல நூறு முறை செய்து, தவறி, மீண்டும் செய்தவனுக்கே அது வரும். ஆயினும் 1923-க்கும் 1928-க்கும் இடையே ஐந்தாண்டுகள் கழிந்தன என்பதையும் மறைத்தல் ஆகாது. மெலிந்த ஒளிர்வு என்னும் பெயரை அதற்குச் சூட்டி அவர்களும் அதனை ஓரமாக வைத்திருந்தனர். பெயர் சூட்டிவிட்டால் பொருள் விளங்கிவிட்டதாக எண்ணும் மயக்கம் பேரறிஞரையும் விடுவதில்லை போலும்.

1927-ஆம் ஆண்டின் இறுதியில் எஸ். வெங்கடேசுவரன் அப்புதிரை மீண்டும் எழுப்பினார். அவர் அலிப்பூரில் அரசாங்கச் சோதனைச் சாலையில் பணிபுரிந்த இரசாயனர். வேலை நேரம் போகக் கிடைத்த ஓய்வில் பௌபஜாருக்கு வருபவர். நன்கு தூய்மை செய்த கிளிசரினில் சூரிய ஒளியைச் செலுத்தியபோது, வழக்கமான நீலத்திற்கு மாறாகப் பச்சை நிறம் பொலிவதைக் கண்டார். அவ்வொளியின் அதிர்வு பெரிதும் ஒரே தளத்திற்கு நெறிப்பட்டும் இருந்தது. நீர்மத்தின் சாதாரண ஒளிர்வு அவ்வாறு நெறிப்பட்டிருப்பதில்லை. எக்ஸ் கதிர் சிதறும்போது அலைநீளம் மாறுவதைக் கண்டறிந்த காம்ப்டனுக்கு அவ்வாண்டு நோபல் பரிசு கிட்டியிருந்தது. காண்புறு ஒளியிலும் அத்தகைய மாற்றம் நிகழுமோ என்னும் எண்ணம் இராமனை ஆட்கொண்டது.

கிருஷ்ணனோ அதற்கு முன் சில காலமாகக் கோட்பாட்டு ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார். அறிவியலாளன் நெடுநாள் சோதனையைத் தொடாமல் இருப்பது நலமன்று என்று கருதிய இராமன், 1928-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் அவரை மீண்டும் கருவிகளின் முன் அமர்த்தினார். அந்நாட்களைக் குறித்துக் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பு எஞ்சியுள்ளது. பிப்ரவரி 7-ஆம் நாள் இரவு ஒன்பது மணியளவில் அவரும் வெங்கடேசுவரனும் உணவு முடித்து அறையில் பேசிக்கொண்டிருக்கையில், இராமன் அவர்கள் தங்கியிருந்த இல்லத்திற்கே வந்து அழைத்தாராம். அன்று காலை தாங்கள் கண்டது, கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் கோட்பாட்டில் கூறிய விளைவாகவே இருத்தல் வேண்டும் என்று பரபரப்புடன் உரைத்தாராம். பேராசிரியர் இரவில் மாணாக்கன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அக்கூடத்தின் பயிற்சி முறையை அறிய இக்காட்சி ஒன்றே எனக்குப் போதும்.

சோதனை எளியது. சூரிய ஒளியை ஆடியால் திருப்பி, தொலைநோக்கியின் பெரிய வில்லை ஒன்றால் குவித்து, நீல ஊதாக் கண்ணாடி வழியே நீர்மத்தில் செலுத்தினர். சிதறும் ஒளியைப் பச்சை மஞ்சள் கண்ணாடி வழியே நோக்கினர். இவ்விரு கண்ணாடிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒளி சிறிதும் கடவாது. ஆகவே நீர்மம் ஒளியின் நிறத்தை மாற்றாதவரை நோக்குபவர்க்கு இருளே தெரிய வேண்டும். இருள் தெரியவில்லை, ஒளியின் தடம் தெரிந்தது. அதாவது நீர்மத்தினுள் புகுந்த ஒளியின் ஒரு சிறு பகுதி வேறு நிறமாக வெளிவந்தது. ஒரு நீர்மத்தில் அன்று, ஆராய்ந்த ஏறத்தாழ அறுபது நீர்மங்களிலும். இராமன், கிருஷ்ணன் இருவர் பெயராலும் பிப்ரவரி 16-ஆம் நாளிட்ட குறிப்பு இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பப்பட்டு மார்ச் 31-ஆம் நாள் வெளிவந்தது. பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலைநோக்கியால் பார்த்தபோது, புதிய ஒளி மூல ஒளியிலிருந்து இருண்ட இடைவெளியால் பிரிந்து தனித்து நிற்பது தெளிவாயிற்று. அந்நாளே இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. கிருஷ்ணனுக்கும் பங்கு உண்டா என்று இன்றும் வாதிடுவோர் உளர். இராமன் பல்லாண்டுகள் அவ்வினாவைச் சுமந்தவர். கூடத்தை அமைத்தவர், ஆட்களைத் தேடிச் சேர்த்தவர், இறுதிவரை விடாது தொடர்ந்தவர் அவரே. தம் நோபல் உரையில் மாணாக்கரின் பணிகளை அவர் எடுத்துரைக்கவும் செய்தார். கிருஷ்ணன் தமக்கு இழைக்கப்பட்ட குறையென்று எதனையும் உலகறியப் பேசவில்லை. ஆனால் இப்பரிசின் பின்னே இரண்டு செய்முறை விளக்குநர்களும் ஒரு சோதனைச்சாலை இரசாயனரும் நிற்கின்றனர் என்பதை நம் பாடநூல்கள் ஒரு வரியிலேனும் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். மாணாக்கர் மனத்தில் கண்டுபிடிப்பு என்பது ஒரு தனிமனிதர் கப்பலில் நின்று கடலைப் பார்த்த கதையாகவே பதிந்துவிட்டது.

இராமன் விளைவு பௌதிகத்தில் பிறந்தாலும் அதன் பயன் பெரிதும் இரசாயனருக்கே வாய்த்தது. ஒளியின் அதிர்வெண் எவ்வளவு பெயர்கிறது என்பது மூலக்கூற்றின் அணுக்கள் எவ்வாறு அதிர்கின்றன என்பதைக் காட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் அது கைரேகை போன்றது. விரைவிலேயே இராமனின் கூடத்தைச் சேர்ந்த ஐ. இராமகிருஷ்ண ராவ், நைட்ரிக் அமிலம் நீரில் எந்த அளவுக்கு அயனிகளாகப் பிரிகிறது என்பதை இராமன் கோடுகளின் ஒளிச்செறிவைக் கொண்டு ஆராய்ந்தார். ஆஸ்ட்வால்டு மின்கடத்துதிறனால் ஆராய்ந்த அதே வினாவை இவர் ஒளியால் ஆராய்ந்தார் என்பது நோக்கத்தக்கது. பௌபஜாரில் பயின்ற பகவந்தம் வால்டேர் ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கும், இராமச்சந்திர ராவ் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கும் சென்று ஆய்வுக்கூடங்களை வளர்த்தனர்.

கிருஷ்ணன் 1928-இன் இறுதியில் டாக்காப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர் மேற்கொண்ட பணி இன்னும் எளிய கருவிகளால் ஆனது. ஒரு சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் நிறுத்துவார். படிகம் ஒரு பக்கமாகத் திரும்பும். இழையின் மேல்முனையை எத்துணை முறுக்கினால் அது அந்நிலையை விட்டுப் புரளும் என்று பார்த்து, வெவ்வேறு திசைகளில் அதன் காந்த இயல்பு எவ்வளவு வேறுபடுகிறது என்று கணிப்பார். நாப்தலீன், ஆந்திரசீன் போன்ற படிகங்களில் பென்சீன் வளையங்கள் தட்டுகள் போல எத்திசை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன என்பது இதனால் தெரியவந்தது. இங்கிலாந்தில் எக்ஸ் கதிரால் படிகங்களை ஆராய்ந்த காதலின் லான்ஸ்டேல் அம்மையாருடன் சேர்ந்து 1936-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இவ்விரு வழிகளும் சந்தித்த இடம். 1933-இல் கிருஷ்ணன் பௌபஜாருக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1940-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1942-இல் அலகாபாத்துக்கும், 1947-இல் டில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகவும் சென்றார். 1961-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் மறைந்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். கிருஷ்ணன் குவார்ட்சு இழையை முறுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் மலாயாவில் பட்டப்படிப்பு அளவில் இரசாயனம் கற்பதற்குச் சிங்கப்பூர் இராபிள்ஸ் கல்லூரி ஒன்றே தொடங்கியிருந்தது. 1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. நம்மவர் நாள்தோறும் கையாண்ட பாலின் இயல்பை அங்கே கூழ்ம இரசாயனமாக ஆராய்ந்தனர். 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் நிறுவப்பெற்றது. கோலாலம்பூரில் அது தனிப் பல்கலைக்கழகமாக இயங்கத் தொடங்கியது 1962-இல். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளோ அந்நாளில் ஆறாம் ஆண்டோடு நின்றன. அதற்குமேல் செல்ல நகரத்துப் பள்ளி வேண்டும், வேற்று மொழி வேண்டும், பேருந்துச் செலவு வேண்டும். மெட்ரோலாக் மிதந்த ஸ்டோருக்கும் பெக்மன் வெப்பமானி தொங்கிய கூடத்திற்கும் இடையே இருந்த தொலைவு கல்வியின் தொலைவு மட்டுமன்று. பின்னர் அத்தொலைவைக் கடந்து சென்று இரசாயனத்தில் உயர்பட்டம் பெற்றவர்கள் நம்மிடையே உள்ளனர். எனினும், என் தந்தையாரோடு வாளி தூக்கியவர்களுள் எவரும், அந்தக் கோட்டைத் தாமே படித்துப் பார்க்கவும் அதன் காரணத்தைக் கேட்கவும் தமக்கு உரிமை உண்டென்று எண்ணியதாக எனக்கு நினைவில்லை. கேட்டால் கிராணியார் சொல்லியிருப்பாரா என்பதும் வேறு கேள்வி. அவருக்கும் எவரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

அந்தத் தோட்டத்தில் இன்று ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எங்கும் செம்பனை. ஸ்டோர் இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் மட்டும் எஞ்சியுள்ளது. மெட்ரோலாக் ஒன்றை மாணாக்கர்க்குக் காட்ட வேண்டுமென்று பல இடங்களில் தேடினேன், கிட்டவில்லை. ஆகவே ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு உறிஞ்சு குழலால் நீர்மானி செய்விக்கிறேன். குழலின் ஒரு முனையை அடைத்து, உள்ளே சிறு ஆணிகள் இரண்டை இட்டு, வெளியே கோடுகள் வரைந்து, உப்பு நீரிலும் நன்னீரிலும் மிதக்கவிடுவோம். ஒருவர் படித்த எண்ணை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே எழுதிவைத்து, பின்னர் ஒப்பிட வேண்டும் என்பது விதி. முதல் நாள் எட்டுப் பேரும் எட்டு வகையாகப் படித்தனர். சென்ற ஆண்டு குழலின் முனையைக் களிமண்ணால் அடைத்தோம். அது உப்புநீரில் ஊறிக் கரைந்து, அளவை நாளுக்கு நாள் மாற்றிவிட்டது. இவ்வாண்டு மெழுகால் அடைத்திருக்கிறோம்.